உறுதி இல்லாத கிற்றார்கள்

காணி வாங்கப் போகும் யாழ்ப்பாணத்து ஆள் உறுதியைப் பார்க்காமல் ஒரு சதம் முற்பணம் கொடுக்கமாட்டார். நொத்தாரிசைப் பிடித்து, காணிப் பதிவகத்தில் தேடுவித்து, யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார், சீதனமாக வந்ததா, பங்காளி யாராவது வெளிநாட்டில் இருக்கிறாரா என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்துத்தான் கையெழுத்து வைப்பார். அதே ஆளிடம் ஒரு பழைய எலெக்ட்ரிக் கிற்றாரைக் காட்டி, "62ஆம் ஆண்டு ஃபென்டர் தம்பி, ஐயா கப்பலில இருந்து கொண்டுவந்தவர்" என்று சொல்லுங்கள். பல நேரம் அந்த ஒரு வசனமே போதுமாகிவிடும்.

இப்படிக் கதையோடு வரும் கிற்றார்கள் இங்கே தலைகாட்டுவதற்குக் காரணம் உண்டு. 1960களிலும் 70களிலும் பொப்பிசையும் பைலாவும் கொடிகட்டிப் பறந்த காலத்தில், கோயில் திருவிழா இரவுகளில் மேடையேறிய இசைக்குழுக்களுக்கு எலெக்ட்ரிக் கிற்றார் ஒரு கௌரவம். ஆனால் 1970 முதல் 77 வரை நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. கடையில் போய் வாங்கும் சாமான் அல்ல அது. கப்பலில் வேலை செய்தவர்கள், லண்டனுக்குப் படிக்கப் போனவர்கள், கொழும்பில் யாரிடமோ கைமாறி வாங்கியவர்கள் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. 1977இல் சந்தை திறந்தபின் ஜப்பான் சாமான்கள் தாராளமாக வந்தன. அப்புறம் 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரமே இல்லாமல் போயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலத்தில் கிற்றாருக்கும் அம்பிளிபயருக்கும் எங்கே போவது? அது பரணுக்குப் போனது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் சைக்கிளில் ஏற்ற முடிந்ததைத்தான் சனம் கொண்டுபோனது. பரணில் கிடந்தது அங்கேயே கிடந்தது, அல்லது காணாமல் போனது. இப்போது பிள்ளைகள் ரொறன்ரோவிலிருந்தோ சூரிச்சிலிருந்தோ வந்து பழைய வீட்டைத் திருத்தும்போது, உழுத்த பெட்டிக்குள்ளிருந்து ஒன்று வெளியே வருகிறது.

கிற்றார் தப்பினாலும் அதன் காகிதங்கள் தப்பவில்லை என்பதுதான் இங்கே சிக்கல். வாங்கிய பற்றுச்சீட்டு, கடை ஒட்டிய சிட்டை, வாசித்தவர் கையில் அதை வைத்திருக்கும் படம் எல்லாம் வேறு ஊர்களில் ஒரு பெட்டியோடு கூடவே வரும். இங்கே வீட்டோடு எரிந்தவை எத்தனை, செல்லரித்தவை எத்தனை. ஆகவே சாட்சி சொல்ல மிஞ்சியிருப்பது அந்த வாத்தியம் மட்டுமே. நல்ல வேளையாக, அமெரிக்கத் தொழிற்சாலைகளில் செய்த பழைய கிற்றார் நிறையப் பேசக்கூடிய சாட்சி.

இதில் எவ்வளவு பணம் புழங்குகிறது என்பதையும் சொல்லிவிடலாம். அமெரிக்காவின் ஃபென்டர் நிறுவனம் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற கிற்றாரை 1954இல் கொண்டுவந்தது. நிறுவனர் லியோ ஃபென்டர் 1965 ஜனவரியில் அதை சிபிஎஸ் என்ற பெரிய கம்பனிக்கு விற்றார். அந்த விற்பனைக்கு முன் செய்தவற்றைச் சேகரிப்பாளர்கள் தனி வரிசையில் வைத்து, பல்லாயிரம் டொலர் கொடுத்து வாங்குகிறார்கள். இன்னோர் அமெரிக்கக் கம்பனியான கிப்சன் 1958 முதல் 1960 வரை செய்த சிவப்பு மஞ்சள் சாயமிட்ட லெஸ் போல் என்ற கிற்றார், எண்ணிக்கையில் இரண்டாயிரத்துக்கும் குறைவு. அதன் விலை லட்சக்கணக்கான டொலர்களில் பேசப்படுகிறது. பிரபலமானவர் கைபட்டிருந்தால் கணக்கே வேறு. பிங்க் ஃப்ளொய்ட் குழுவின் டேவிட் கில்மோர் வாசித்த கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 2019இல் ஏலத்தில் 39 லட்சத்து 75 ஆயிரம் டொலருக்குப் போனது. இவ்வளவு பணம் இருக்கும் இடத்தில் போலி வராமல் இருக்குமா?

வருவதெல்லாம் ஏமாற்று வேலை என்றும் சொல்லமுடியாது. என் அனுபவத்தில் மூன்று விதமான கிற்றார்கள் ஒரே கதையோடு வருகின்றன. ஒன்று, நேர்மையான வேறு மார்க். ஜப்பானில் 1960களிலும் 70களிலும் டெய்ஸ்கோ, கயாடோன், கிரெக்கோ, டோக்காய் போன்ற பெயர்களில் அமெரிக்க வடிவத்தை ஒட்டிய கிற்றார்கள் ஏராளமாகச் செய்யப்பட்டன. அப்பா அதைத்தான் வாங்கியிருப்பார். வருடங்கள் போகப் போகக் குடும்பத்தின் வாயில் அது ஃபென்டராக வளர்ந்திருக்கும். இந்தியாவில் கிவ்சன் என்று ஒரு மார்க் உண்டு. அது தன் சொந்தப் பெயரில் விற்கும் தயாரிப்பு, போலி அல்ல. ஆனால் ஓர் எழுத்து மாற்றிக் காதில் விழுந்தால் கதை எங்கேயோ போய்விடும். இரண்டாவது வகை, வேண்டுமென்றே செய்த முழுப் போலி. பெரும்பாலும் சீனாவில் செய்து இணையத்தில் விற்பவை. வெளிநாட்டுக் கிற்றார்காரர்கள் சீனாவையும் கிப்சனையும் சேர்த்து அவற்றைச் 'சிப்சன்' என்று கேலியாகக் கூப்பிடுவார்கள். இவற்றைப் பிடிப்பது அவ்வளவு கஷ்டமல்ல. மூன்றாவதுதான் பொல்லாதது: பாதி அசல். உண்மையான 1963 கழுத்து, 1970களின் உடல், புதிதாகச் சுற்றிய பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் சுருள்), எங்கோ வாங்கிய பழைய எண் தகடு. ஒவ்வொரு துண்டையும் தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது.

அதனால்தான் "எந்த அடையாளத்தைப் பார்த்து அசல் என்று சொல்லலாம்?" என்ற கேள்வியே பிழையானது. தனியாக எந்த அடையாளத்தையும் செய்துவிடலாம், ஒட்டிவிடலாம், மாற்றிவிடலாம். ஒன்றையொன்று சாராத நாலைந்து அடையாளங்கள் ஒரே காலத்தைக் காட்டுகின்றனவா என்பதுதான் பார்க்கவேண்டியது. கழுத்து ஒரு மாதம் சொல்லும், மின்பாகம் ஒரு வாரம் சொல்லும், மரவேலை ஒரு காலகட்டம் சொல்லும், பூச்சு இன்னொன்று சொல்லும். எல்லாம் ஒத்துப்போனால் சரி. ஒன்று மட்டும் விலகி நின்றால் அதற்கு ஏன் என்று பதில் வேண்டும்.

எல்லோரும் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பது தொடர் இலக்கத்தை. இருப்பதில் பலவீனமான சாட்சியும் அதுதான். பழைய ஃபென்டரில் இலக்கம் இருப்பது உடலுக்குப் பின்னால், கழுத்தைப் பிடிக்கும் நாலு ஆணித் தகட்டில். ஒரு ஸ்குரூட்ரைவர் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தகட்டை மாற்றிவிடலாம். போதாக்குறைக்கு அந்தக் காலத்துத் தொழிற்சாலையில் தகடுகளை ஒரு பெட்டியிலிருந்து கைக்கு வந்தபடி எடுத்துப் பூட்டினார்கள். இலக்கம் வரிசையாக ஓடவில்லை. அதனால் அசலில்கூட இலக்கம் ஏறக்குறைய ஒரு காலத்தைத்தான் சொல்லும். கிப்சனில் 1950களின் நடுப்பகுதியில் இருந்து 61 வரை தலையின் பின்பக்கத்தில் மையால் குத்திய இலக்கம் இருக்கும்; முதல் எண் வருடத்தின் கடைசி எண். 9இல் தொடங்கினால் 1959. ஆகவே 9இல் தொடங்கும் இலக்கத்தைப் போலிக்காரன் விரும்பிக் குத்துவான். 1977க்குப் பிறகு வந்த எட்டு இலக்க முறை கொஞ்சம் உதவும்: முதலாவதும் ஐந்தாவதும் சேர்ந்து வருடம், இடையில் உள்ள மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. 82765501 என்றால் 1985இன் 276ஆவது நாள், அதாவது ஒக்டோபர் 3. கடைசி மூன்றும் 500க்கு மேலே என்பதால் நாஷ்வில் தொழிற்சாலை. இந்தக் கணக்குப்படி 400ஆவது நாளில் பிறந்த கிற்றார்களும் சந்தையில் உண்டு. அவற்றோடு மினக்கெட வேண்டியதில்லை.

உண்மையான வேலை மூடியைத் திறந்தபின்தான் தொடங்குகிறது. இங்கேதான் வழக்கமாக ஒரு சிறு இழுபறி வரும்.

"தம்பி, இது அப்பான்ர கிற்றார். வித்தா எவ்வளவு போகும்?"

"முன்பக்கத் தகட்டைக் கழட்டிப் பாக்கலாமோ அண்ணை?"

"கழட்டினா மதிப்புக் குறையாதோ?"

"கழட்டிப் பாக்காம மதிப்பைச் சொல்லேலாது அண்ணை."

பயப்படத் தேவையில்லை. கம்பிகளைத் தளர்த்திவிட்டு, சரியான அளவு ஸ்குரூட்ரைவரால், ஆணியின் தலை சிதையாமல் கழற்றினால் ஒன்றும் ஆகாது. 1959க்கு முந்திய ஸ்ட்ராட்டோகாஸ்டரின் வெள்ளைத் தகட்டில் எட்டு ஆணி. அதன்பின் வந்த மூன்றடுக்குத் தகட்டில் பதினொன்று. ஆணியை எண்ணுவதே முதல் சோதனை. தகட்டைப் புரட்டினால் சத்தத்தையும் தொனியையும் கூட்டிக் குறைக்கும் கொன்ட்ரோல்கள் மூன்று முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கும். அந்த முதுகில், பாதி ஈயத்துக்குள் புதைந்தபடி, குத்திய எண்கள் இருக்கும். சாய்வாக வெளிச்சம் பிடித்து, மெல்லிய துணியால் தூசைத் தட்டிவிட்டுப் படித்துப் பாருங்கள். 3046218 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்றும் செய்த கம்பனி: 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சிடிஎஸ், 134 என்றால் சென்ட்ராலாப். அடுத்த இரண்டும் வருடம், கடைசி இரண்டும் வாரம். அதாவது ஸ்டாக்போல் கம்பனி 1962இன் பதினெட்டாவது வாரத்தில், மே மாதத்துப் பக்கம், செய்த பாகம்.

இதன் பொருளைச் சரியாகப் பிடிக்கவேண்டும். கிற்றார் அந்த வாரத்தில் செய்யப்பட்டது என்பதல்ல. அந்த வாரத்துக்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்பதே. பிந்தலாம், எவ்வளவும் பிந்தலாம். சிபிஎஸ் வாங்கியபின் ஃபென்டர் 1966இல் ஒரு பெரும் தொகைக் கொன்ட்ரோல்களை வாங்கிக் குவித்தது. 1969 கிற்றார்களில்கூட 66 என்று குத்திய பாகங்கள் இருப்பது அதனால்தான். மறுபக்கம், 1962 என்று சொல்லும் கிற்றாருக்குள் 13766 என்றோ 13771 என்றோ தொடங்கும் எண் இருந்தால் ஒன்றில் பாகம் மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது கதை பிழை. எது என்று ஈயப்பற்று சொல்லும். தொழிற்சாலையில் ஒருமுறை வைத்த ஈயம் காலப்போக்கில் மங்கிச் சாம்பல் நிறமாகிவிடும். வயர்களும் துணி சுற்றிய வயர்களாக இருக்கும். பளபளவென்ற புது ஈயம், பிளாஸ்டிக் உறை வயர், பக்கத்தில் கருகிய தழும்பு என்றால் யாரோ இடையில் வேலை செய்திருக்கிறார்கள். அது குற்றமல்ல. திருவிழாவுக்குத் திருவிழா ஓடிய கிற்றாரில் கொன்ட்ரோல் பழுதாவது சகஜம். டவுணில் றேடியோ திருத்துபவரிடம் கொடுத்துக் கிடைத்ததைப் போட்டிருப்பார்கள். விற்பவர் அதைச் சொல்கிறாரா, மறைக்கிறாரா என்பதுதான் முக்கியம்.

கழுத்துக்கு வருவோம். ஃபென்டரில் நாலு ஆணியைக் கழற்றினால் கழுத்து கையோடு வரும். (கிப்சனில் இதை முயலவே கூடாது; அங்கே கழுத்து பசை வைத்து ஒட்டியது.) கழுத்தின் அடியில், உடலுக்குள் மறைந்திருக்கும் பகுதியில், திகதி இருக்கும். 1962 வாக்கில்வரை பென்சிலால் எழுதினார்கள். அதன்பின் மையால் குத்தினார்கள். குத்திய திகதிக்குப் பின்னால் வரும் எழுத்து, ஏ, பி, சி என்று இருப்பது, கழுத்தின் அகல அளவு. அதை வைத்து மாதத்தைக் கணிக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அதே இடத்தில் இன்னொன்றையும் பாருங்கள். விரல்பலகையான றோஸ்வூட் பலகை, கீழே உள்ள மேப்பிள் மரத்தோடு சேரும் கோடு நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா? 1959இல் இருந்து 62 நடுப்பகுதிவரை தடித்த தட்டைப் பலகை. சேரும் கோடு நேர்கோடு. அதற்குப் பின் வந்தது வளைத்து ஒட்டிய மெல்லிய பலகை. கோடு வில்போல வளையும். பென்சில் எழுத்தை யாரும் எழுதிவிடலாம். இந்தக் கோட்டை மாற்றுவதற்குப் புதுக் கழுத்தே செய்யவேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் உடலில் இருக்கிறது. அக்காலத்தில் ஃபென்டர் தொழிற்சாலையில் பெயின்ற் அடிக்கும்போது உடலின் முகத்தில் சிறிய ஆணிகளை அடித்து, அவற்றின்மேல் நிற்கவைத்துக் காயவிட்டார்கள். காய்ந்தபின் ஆணியைப் பிடுங்கிவிடுவார்கள். ஆகவே 1964 வாக்கில்வரையான அசல் பூச்சில், முன்பக்கத் தகட்டின் கீழே, இரண்டு மூன்று சின்ன ஓட்டைகள் இருக்கும். அந்த ஓட்டைக்குள் பெயின்ற் இருக்கக்கூடாது, ஏனென்றால் பெயின்ற் அடித்தபோது அதற்குள் ஆணி இருந்தது. ஓட்டைக்குள்ளும் பெயின்ற் இறங்கியிருந்தால் அது பின்னால் மீண்டும் அடித்த பெயின்ற். தொழிற்சாலைத் தொழிலாளியின் வசதிக்காகச் செய்த ஒரு காரியம், அறுபது வருடம் கழித்து ஒரு கிற்றாரின் விலையைப் பாதியாக்கவோ காப்பாற்றவோ செய்கிறது. மிகைப்படுத்தவில்லை; மறுபூச்சு அடித்த பழைய கிற்றார் அசல் பூச்சின் விலையில் ஏறக்குறைய பாதிக்குத்தான் போகும் என்பது வியாபாரிகளின் பொதுக்கணக்கு.

கொக்குவிலில் ஒரு வீட்டில் பார்த்த கிற்றாரில் இந்த ஓட்டைகளைத் தேட வேண்டிய தேவையே வரவில்லை. தலையில் ஃபென்டர் என்ற எழுத்து, சூரிய அஸ்தமன நிறம், நல்ல தேய்மானம், எல்லாம் இருந்தது. கழுத்தைக் கழற்றியதும் உடலின் குழிவிளிம்பில் ஒட்டுப்பலகையின் அடுக்குகள் வரிவரியாகத் தெரிந்தன. அந்தக் காலத்து ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு ஆல்டர் அல்லது ஆஷ் மரம்; ஒட்டுப்பலகையில் அதைச் செய்யவில்லை. கொன்ட்ரோல்கள் சின்னனாக, மெற்றிக் அளவில் இருந்தன. அமெரிக்கப் பாகத்தில் தகட்டுத் துளைக்குள் நுழையும் புரிக்கழுத்தின் விட்டம் எட்டில் மூன்று அங்குலம், அதாவது ஒன்பதரை மில்லிமீற்றர். ஜப்பான் சாமான், 60களின் கடைசி அல்லது 70களின் தொடக்கம். தலையில் இருந்த பெயர் யாரோ பிறகு ஒட்டியது. வீட்டுக்காரருக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் அது மோசமான கிற்றார் அல்ல. அந்தக் காலத்து ஜப்பான் கிற்றார்களுக்கும் இப்போது விருப்பக்காரர் இருக்கிறார்கள். உள்ள பெயரில் விற்றால் உள்ள விலை கிடைக்கும்.

கிப்சனைப் பார்க்கும்போது கேள்விகள் வேறு. தலையில் உள்ள சின்ன மூடி, கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை முடுக்கும் இடத்தை மறைப்பது, அதற்கு அசலில் இரண்டு ஆணி. மலிவான போலிகளில் பெரும்பாலும் மூன்று. மூடியைக் கழற்றினால் அசலில் வெளியே நிற்கும் பித்தளைச் சுரை தெரியும்; போலியில் அலன் கீ போடும் குழி. கம்பிகள் ஏறி நிற்கும் பிரிட்ஜைத் தாங்கும் கால்கள் 1950களின் லெஸ் போலில் மெல்லிய, புரி போட்ட கம்பிகள், நேரே மரத்துக்குள் இறங்கும். போலிகளில் தடித்த, மேலே ஸ்குரூட்ரைவர் வெட்டுள்ள கால்கள். இந்த மூன்றையும் பார்க்க ஒரு நிமிடம் போதும். சீனப் போலிகளில் பெரும்பகுதி இங்கேயே விழுந்துவிடும்.

சிவப்புச் சாயம் இன்னும் சுவையான சாட்சி. 1958, 59இல் பாவித்த சிவப்பு வெயில் பட்டால் வெளிறும். அதனால்தான் அந்தக் கிற்றார்கள் இன்று தேன் நிறம், எலுமிச்சை நிறம் என்று ஆளுக்கொரு நிறமாக இருக்கின்றன. பிக்கப்பைச் சுற்றிய சட்டத்தைக் கழற்றினால் வெளிச்சம் படாத இடத்தில் பழைய சிவப்பு அப்படியே இருக்கவேண்டும். மேலேயும் கீழேயும் ஒரே வெளிறல் என்றால், அந்த வெளிறலை யாரோ தூரிகையால் செய்திருக்கிறார்கள். பிக்கப்பின் அடியிலும் ஒரு வேடிக்கை உண்டு. செத் லவர் வடிவமைத்த இரட்டைச் சுருள் பிக்கப் 1957இல் கிப்சன்களில் வந்தது. 'காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்' என்று ஒரு சின்ன ஒட்டி அதன் அடியில் இருந்தது. காப்புரிமை 1959இலேயே கிடைத்துவிட்டது, ஆனாலும் அந்த ஒட்டியைச் சில வருடம் தொடர்ந்து ஒட்டினார்கள். அதன்பின் எண் போட்ட ஒட்டி வந்தது. போட்ட எண் 2,737,842. அது பிக்கப்பின் எண்ணே அல்ல. லெஸ் போல் என்ற கலைஞர் வடிவமைத்த, கம்பிகளைக் கட்டும் ஒரு பாகத்தின் எண். இந்தப் பிழையான எண்தான் அசலின் அடையாளம். பிழையைத் திருத்திச் சரியான எண்ணை அச்சிட்டு ஒட்டும் கெட்டிக்காரப் போலிக்காரன் அங்கே மாட்டிக்கொள்வான். ஒட்டிகளையும் இப்போது அச்சு அசலாகச் செய்து விற்கிறார்கள் என்பதால், ஒட்டி இருப்பதைவிட அதைச் சுற்றிய தகட்டின் மங்கலையும் அழுக்கையும் பார்ப்பது நல்லது. மல்டிமீட்டர் வைத்து பிக்கப்பின் மின்தடையை அளக்கலாம். பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப் ஐந்தரை முதல் ஆறரை கிலோ ஓம், கிப்சனுடையது ஏழு முதல் ஒன்பது என்று வரும். சுருள் அறுந்திருக்கிறதா என்று அறிய அது உதவும். வயதை அது சொல்லாது.

பூச்சைச் சோதிக்க யாழ்ப்பாணத்தில் ஒரு வசதி. ஐயாயிரம் ரூபாய்த் தாளைச் சரிபார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் நீல லைற்றே போதும். அக்காலத்தில் அடித்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்ற பூச்சு வயதாகும்போது, அந்தப் புற ஊதாக்கதிர் வெளிச்சத்தில் பச்சை கலந்த மஞ்சளாக மின்னும். இருட்டறையில் கிற்றார் முழுவதும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பின்னால் தொட்ட இடம், தலை முறிந்து ஒட்டி மேலே பூசிய இடம், எல்லாம் கறுப்பாகவோ வேறு நிறமாகவோ தனித்துத் தெரியும். கிப்சன்களில் தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் முறிவது பரவலான வியாதி. நன்றாக ஒட்டியிருந்தாலும் விலை பெரிதாக விழும். ஆகவே அந்த வளைவில் வெளிச்சத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பிடிக்கலாம். 1968 வாக்கில் ஃபென்டர் பொலியெஸ்டர் பூச்சுக்கு மாறிவிட்டது. அது இப்படி மின்னாது. அசிற்றோனைத் தொட்டுப் பார்க்கும் சோதனை ஒன்றும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பழைய லாக்கரை அது கரைத்துவிடும்; அசல் என்று தெரிந்துகொண்ட அதே நேரத்தில் அசலைக் கெடுத்தும் இருப்பீர்கள்.

தேய்மானத்தைப் பற்றிப் பேசும்போது எங்கள் காலநிலையையும் சாட்சிக்கு அழைக்கலாம். லாக்கரில் ஓடும் மெல்லிய வெடிப்புகள் பெரும்பாலும் திடீர் வெப்ப மாற்றத்தில் வருபவை. பனிக்காலத்தில் வெளியில் கிடந்த பெட்டியைச் சூடான அறைக்குள் திறந்தால் மரமும் பூச்சும் வெவ்வேறு வேகத்தில் விரியும், பூச்சு வெடிக்கும். "ஊரைவிட்டே போகவில்லை" என்று சொல்லும் கிற்றாரில் உடல் முழுக்க வலைபோல வெடிப்பு இருந்தால் ஒரு கேள்வி கேட்டுவைப்பது நல்லது. வயதாலும் லாக்கர் வெடிக்கும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டவும் கூடாது. மறுதலையாக, குருநகரிலோ பருத்தித்துறையிலோ கடற்காற்று படும் வீட்டில் நாற்பது வருடம் கிடந்தது என்கிறார்கள், ஆனால் நிக்கல் பூச்சு கண்ணாடிபோல இருக்கிறது என்றால் நம்ப மனம் வராது. உப்புக்காற்று ஆணியின் தலையை மட்டும் பிடிக்காது. உட்புகுந்து தண்டையும் பிடிக்கும், ஓரிடத்தில் கூடவும் ஓரிடத்தில் குறையவும் பிடிக்கும். அமிலத்தில் போட்டு எடுத்த ஆணி எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் துருத்திருக்கும். சவர பிளேட்டால் கீறிய வெடிப்பும் அப்படித்தான்: நேராக, அடுத்தடுத்து, விளிம்பு கூராக. ஃபென்டரே 1995இல் இருந்து வேண்டுமென்றே தேய்த்துப் பழசாக்கிய கிற்றார்களைத் தன் பெயரில் விற்கிறது என்பதால், தேய்ந்திருக்கிறது என்பதே இப்போது எதையும் நிரூபிக்காது. வாசிப்பவரின் உடல் படும் இடத்தில் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முழங்கைக்கு உள்பக்கம் உரசும் மேல்விளிம்பு, பெல்ற் கொளுக்கி படும் முதுகு, விரல்பலகையில் குறுக்கே பதித்த பிரெட் கம்பிகளில் முதல் நாலைந்தின் குழிவு. இடக்கைப் பழக்கமில்லாதவர் தொடவே தொடாத மூலையில் பெயின்ற் உரிந்திருந்தால் அது அலங்காரம்.

காகிதம் இல்லை என்று சொன்னேன். ஆனால் ஒன்று தப்பியிருக்கலாம்: படம். இங்கே எரிந்த அல்பத்தின் பிரதி லண்டனில் ஒரு மாமியிடம் இருக்கும். கலியாண வீட்டில் பாடிய குழுவின் கறுப்பு வெள்ளைப் படம் மொன்றியலில் யாரோ ஒருவரின் அலுமாரிக்குள் இருக்கும். மரத்தின் வரிகள் கைரேகை மாதிரி, இரண்டு மரத்தில் ஒன்றாக வராது. வரி தெரியும் பூச்சு உள்ள கிற்றாராக இருந்தால், படத்தையும் கிற்றாரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். உலகத்தில் பெரிய வழக்குகள் இப்படித்தான் தீர்ந்தன. கனடியப் பாடகர் ராண்டி பாக்மனின் 1957 கிரெட்ச் கிற்றார் 1976இல் ரொறன்ரோ ஹோட்டல் ஒன்றில் களவு போனது. நாற்பத்தைந்து வருடத்துக்குக் கிட்டக் கழிந்தபின், ஓர் இரசிகர் பழைய படங்களையும் இணையத்தில் விற்பனைக்கு வந்த கிற்றார்களின் படங்களையும் மென்பொருள் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே போய், அது ஜப்பானில் இருப்பதைக் கண்டுபிடித்தார். மரத்தில் இருந்த ஒரு சின்னக் கணுதான் காட்டிக்கொடுத்தது. 2022 ஜூலை முதலாம் திகதி டோக்கியோவில் அது பாக்மனின் கைக்குத் திரும்பி வந்தது. பீட்டில்ஸ் குழுவின் போல் மெக்கார்ட்னி வாசித்த ஹோஃப்னர் பாஸ் கிற்றார் 1972இல் லண்டனில் ஒரு வேனில் இருந்து திருடப்பட்டது. ஐம்பது வருடம் கழித்து ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது. செய்த கம்பனியே பார்த்து உறுதிசெய்தது.

ஆகவே உறவுகளிடம் படம் கேளுங்கள். கேட்கும்போது கிற்றார் எங்கே, எந்த வருடம், யார் கையில் என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். யாரோ சொன்னதைப் பற்றிய பேச்சாக இல்லாமல், படத்தோடு கூடிய ஒரு கடிதமாக இருந்தால் வாங்குபவருக்கு அது ஓரளவு உறுதிமாதிரி.

இதைவிட அவசரமானது, செய்யக்கூடாததைச் செய்யாமல் இருப்பது. எங்கள் ஊர்ப் பழக்கம், எதையும் விற்கமுன் புதுசாக்குவது. தச்சரிடம் கொடுத்து உரஞ்சி வார்னிஷ் அடித்து, துருப்பிடித்த ஆணிகளை எறிந்துவிட்டுப் புது ஆணி போட்டு, பழைய பெட்டி நாறுகிறது என்று எரித்துவிட்டு, பிறகு படம் எடுத்து அனுப்புவார்கள். வீட்டுக் கதவுக்கு இது சரி. பழைய கிற்றாரில் இது விலையைக் கொல்லும் வேலை. உடைந்த ஆணியாக இருந்தாலும், பழுதான கொன்ட்ரோலாக இருந்தாலும், கழற்றினால் ஒரு பையில் போட்டுக் கூடவே வையுங்கள். பெட்டி பெரும்பாலும் கிற்றாரோடு பிறந்தது, அதுவும் சாட்சி. கறையான் பிடித்தால் மட்டும் உடனே பிரித்து வெளியே எடுக்கவேண்டும்.

எல்லாம் ஒத்துவருகிறது, பணம் பெரிது என்று தெரிந்தால், கடைசிச் சொல் அனுபவமுள்ள மதிப்பீட்டாளருடையதாக இருக்கவேண்டும். நாஷ்வில்லில் ஜோர்ஜ் குரூன் 1970இல் தொடங்கிய கடை போன்ற இடங்களில் எழுத்தில் மதிப்பீடு தருவார்கள். முன்பக்கம், பின்பக்கம், தலையின் இரு பக்கம், கழுத்தின் அடி, கொன்ட்ரோல்களின் முதுகு எண்கள், பிக்கப்பின் அடி, குழிகளின் உட்புறம் என்று நல்ல பகல் வெளிச்சத்தில் தெளிவாகவும், பிறகு நீல வெளிச்சத்திலும் படம் எடுத்து அனுப்பினால், நேரே கொண்டுபோவது பிரயோசனமா என்றாவது தெரியும்.

கொண்டுபோவதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 1960களின் நடுப்பகுதிவரை ஃபென்டரும் கிப்சனும் விரல்பலகைக்குப் பாவித்த றோஸ்வூட் பெரும்பாலும் பிரேசில் றோஸ்வூட். அது 1992இல் இருந்து அழியும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச உடன்படிக்கையில் மிகக் கடுமையான பட்டியலில் உள்ளது. 2019இல் மற்ற றோஸ்வூட் வகைகளில் செய்து முடித்த வாத்தியங்களுக்குத் தளர்வு கொடுத்தார்கள். பிரேசில் மரத்துக்குக் கொடுக்கவில்லை. விற்பதற்காக நாட்டுக்கு வெளியே அனுப்பமுன் வனஜீவராசிகள் திணைக்களத்தில் அனுமதி எடுக்கவேண்டும், மரம் அந்தத் தடைக்கு முன்னரே வெட்டப்பட்டது என்று காட்டவேண்டும். அங்கே பற்றுச்சீட்டு கேட்பார்கள். அது இல்லாதவர் கழுத்தின் அடியில் இருக்கும் திகதியையும் கொன்ட்ரோல் எண்களையும் படம் எடுத்து, மதிப்பீட்டாளரின் கடிதத்தோடு சேர்த்துக் கொடுக்கவேண்டியதுதான். விமானச் சீட்டுப் போடுவதற்கு முன்பே இந்த வேலையைத் தொடங்குங்கள்.